தன் கூட்டமும் பிறர் வோட்டும்

தேர்தல் காலத்தில் கூட்டத்தைப் பார்த்து வோட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் கொமரலிங்கத்திலும் இருக்கிறார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பே, "ஏனுங்க, அங்கே கூட்டம் எப்படிங்க?" என்று கேட்பார்கள். "எள்ளுப் போட்டா எள்ளு விழாதுங்க" என்று பதில் வந்துவிட்டால் போதும். அந்த அபேட்சகர் ஜெயித்தாகிவிட்டது! எள் விழ இடமில்லாமல் கூட்டம் கூட்டியவர்கள் டெபாசிட்டைப் பறிகொடுத்த கதைகளும் நாட்டில் உண்டு. ஆனால் கூட்டத்தைக் கண்ணால் கண்டவருக்கு அந்தக் கதைகள் காதில் ஏறுவதில்லை.

கூட்டத்துக்கு வருகிறவர் ஏற்கனவே நம்மவர். தொண்டை கிழியக் கோஷம் போட்டாலும் அவருக்கு ஒரு வோட்டுத்தான். வாயே திறக்காமல் வீட்டில் இருந்துவிட்டு, அன்று காலை குளித்துவிட்டுப் போய்ப் போடுகிறவருக்கும் ஒரு வோட்டுத்தான். இந்த எளிய கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதரை உயிராக நேசிக்கும் பெருங்கூட்டம் ஒரு பக்கமும், அதே மனிதரின் பெயரைக் கேட்டாலே அஞ்சும் கூட்டம் இன்னொரு பக்கமுமாக ஒரு தேசம் பிரிந்து நிற்கும்போது இந்தக் கணக்கு விபரீதமாகிவிடுகிறது. அதிலும், தேசம் முழுவதற்கும் ஒரே ஒருவரை ஜனங்களே நேரில் தேர்ந்தெடுப்பது என்று வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம் நாட்டு ஜனாதிபதியை நாம் நேரில் தேர்ந்தெடுப்பதில்லை. பாக் ஜலசந்தியைத் தாண்டினால் அந்த வழக்கம் இருக்கிறது. 1982-ஆம் வருஷம் முதல் இலங்கையில் அப்படித்தான் தேர்தல் நடந்து வருகிறது. ஆகவே இந்த விஷயத்தைப் படிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு அடுத்த கரையே போதும்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இலங்கையைக் கவனிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அது ஆயத்த ஆடையில் போட்டி நாடு. கொழும்பில் கலவரம் என்றால் இங்கே ஆர்டர் கணக்கைப் புரட்டுவார்கள். இன்னொரு காரணம் மனிதர்கள் சம்பந்தப்பட்டது. 1964-ஆம் வருஷம் அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று ஆயிற்று. அப்படி வந்தவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்படி ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1974-ல் கப்பலேறி வந்தவர்.

"எங்க அப்பா 1947-ல வோட்டுப் போட்டாருங்க ஐயா. நான் அங்கே இருபத்து நாலு வருஷம் இருந்தேன், வோட்டுச் சீட்டையே கண்ணால பார்த்ததில்ல. இங்கே வந்துதான் விரல்ல மை வச்சாங்க. அங்கேயே தங்கிட்ட என் தங்கச்சி மகளுக்கு இப்ப வோட்டு இருக்கு" என்றார் அவர்.

இந்த நாலு வாக்கியத்தில் அரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டமும் 1949-ல் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் சேர்ந்து, தோட்டத் தொழிலாளிகளின் வோட்டைப் பிடுங்கிவிட்டன. பிறகு 1988, 2003 ஆகிய வருஷங்களின் சட்டங்கள் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தன. 'தன் கூட்டத்தின் பலத்தில் ஆள்வது' என்பதற்கு மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு: மற்றவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது. அதை முதலிலேயே செய்து பார்த்த தேசம் அது.

1978-ல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா புது அரசியல் சட்டம் கொண்டு வந்தார். ஜனாதிபதிக்குப் பெரும் அதிகாரங்களைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: செல்லுபடியான வோட்டுகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால்? வாக்காளர் விரும்பினால் தம் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரையில் வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதி கிடைக்காதபோது முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இந்த இருவருக்கு அடுத்த விருப்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். "எனக்கு உன் முதல் வோட்டு வேண்டாம், இரண்டாவதையாவது கொடு" என்று எதிராளியின் வீட்டு வாசலுக்குப் போய் அபேட்சகர் நிற்கும்படி செய்யக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் 42 வருஷம் அந்த இரண்டாவது எண்ணிக்கைக்கு அவசியமே ஏற்படவில்லை.

நம் ஜனாதிபதி தேர்தலிலும் இந்த வித்தை உண்டு. 1969-ல் முதல் எண்ணிக்கையில் வி. வி. கிரிக்குப் பாதி கிடைக்கவில்லை. தேஷ்முக்கின் சீட்டுகளைப் பிரித்து எண்ணியபோது பெரும் பகுதி சஞ்சீவ ரெட்டிக்கே போயிற்று. இருந்தும் முதலில் இருந்த இடைவெளியின் தயவால், 4,20,077-க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி தப்பினார். ஆனால் அங்கே வோட்டுப் போட்டவர்கள் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும். ஜனசமுத்திரத்தின் கணக்கு வேறு.

இனி மகிந்த ராஜபக்ஷவின் கதைக்கு வருவோம். அவரைப் போல் ஜனங்களை இரண்டாகப் பிரித்த தலைவர் இலங்கையில் அபூர்வம். தென்னிலங்கைச் சிங்களக் கிராமவாசிக்கு அவர் வீட்டு மனிதர். 2009-ல் யுத்தத்தை முடித்த பிறகு ஏறக்குறைய ராஜா. வடக்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு அவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

2005-ல் அவர் முதன்முறை ஜெயித்தபோது கிடைத்தது 50.29 சதவீதம். ரணில் விக்கிரமசிங்கவைவிட 1,80,786 வோட்டுகள்தான் அதிகம். யாழ்ப்பாண மாவட்டத்தின் பட்டியலில் அப்போது 7 லட்சம் பெயர்கள் இருந்தன. வோட்டுப் போட்டவர்களோ நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. விடுதலைப் புலிகள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்துவிட்டார்கள். எதிர்ப்பாளர்கள் வீட்டை விட்டு வெளியே வராததால் கிடைத்த வெற்றி அது.

2010-ல் அவர் பெற்றது 57.88 சதவீதம். 2015-ஆம் வருஷம் ஜனவரியில் தோற்றுப் போனார். பதவிக்காலம் முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே, ஜோதிடர் குறித்த நல்ல வேளையில் தேர்தலை அறிவித்தார் என்பார்கள். நல்ல வேளைதான், யாருக்கு என்பதில் மட்டும் பிசகு! அவருடைய மந்திரியாகவும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன, முந்திய இரவு அவரோடு ஆப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எதிர் அபேட்சகராக நின்றார் என்பது கொழும்பில் பிரசித்தமான கதை.

"மகிந்தவின் செல்வாக்குச் சரிந்தது" என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 2010-ல் அவருக்கு விழுந்தவை 60 லட்சத்து 15 ஆயிரம் வோட்டுகள். தோற்ற வருஷத்தில் விழுந்தவை 57 லட்சத்து 68 ஆயிரம். குறைந்தது இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் கீழே. மறுபக்கத்தைப் பாருங்கள்: 2010-ல் அவரை எதிர்த்த சரத் பொன்சேகாவுக்கு 41 லட்சத்து 73 ஆயிரம், 2015-ல் சிறிசேனவுக்கு 62 லட்சத்து 17 ஆயிரம். இருபது லட்சம் அதிகம்! அவருடைய கூட்டம் பெரும்பாலும் அவரோடேயே இருந்தது. கூட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்தான் எழுந்து வந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 74 பேர், வன்னியில் 78 பேர், மட்டக்களப்பில் 81 பேர் சிறிசேனவுக்குப் போட்டார்கள். சிறிசேனவிடம் அவர்களுக்குப் பெரிய பிரேமை ஒன்றும் இல்லை. 2014-ல் அளுத்கமவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம்களும் ஒதுங்கினார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட ருசிகரமாகப் படுவது நுவரெலியாதான். தோட்டத் தொழிலாளர்களின் பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவின் பக்கம் நின்றது. தொழிலாளர்கள் அப்படி நிற்கவில்லை. மாவட்டத்தில் 63 சதவீதத்துக்கு மேல் சிறிசேனவுக்கு. ஒரு காலத்தில் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தலைவர் சொன்ன இடத்தில் போடாமல் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் போட்டார்கள்.

வெளியாரின் பயத்துக்கு இவ்வளவு பலம் உண்டா என்று கேட்பவர்கள் பிரான்ஸைப் பார்க்கலாம். 2002-ல் அங்கே வெளிநாட்டார் துவேஷத்தைக் கொடியாகப் பிடித்த லெபென், முதல் சுற்றில் 48 லட்சம் வோட்டு வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்து உலகத்தையே திடுக்கிட வைத்தார். இரண்டாவது சுற்றில் அவர் பெற்றது 55 லட்சம். எதிரே நின்ற சிராக் 56 லட்சத்திலிருந்து 2 கோடியே 55 லட்சத்துக்குப் போனார். சிராக்கைப் பிடிக்காதவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் 1964-ல் கோல்டுவாட்டரின் பக்தர்கள் வெறிகொண்டு வேலை செய்தார்கள்; கிடைத்தது ஆறு ராஜ்யங்கள். ஆனால் அதே அமெரிக்காவில் டிரம்ப் 2016-ல் எதிராளியைவிடக் குறைந்த வோட்டு வாங்கி ஜெயித்தார், 2020-ல் தோற்றார், 2024-ல் மறுபடி ஜெயித்தார். ஆகவே 'பிரிக்கிறவர் தோற்பார்' என்று சாஸ்திரம் எழுதி வைப்பது சரியில்லை.

இலங்கையே அதற்குச் சாட்சி. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஆண்டுகொண்டிருந்தவர்களோ ஒருவரோடு ஒருவர் குஸ்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் மகிந்தவின் தம்பி கோத்தபாய நின்றார். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது 6.24 சதவீதம்! இருந்தும் தேசம் முழுவதிலும் 69 லட்சத்து 24 ஆயிரம் வோட்டு, 52.25 சதவீதம், வாங்கி ஜெயித்தார். அண்ணன் தோற்ற கணக்கோடு தன் கூட்டத்திலேயே இன்னும் பதினொன்றரை லட்சம் சேர்த்தார். வெளியே கை நீட்ட அவசியமில்லை. எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டிய அநுராதபுரத்து ருவன்வெலிசாய தூபியின் முன் பதவி ஏற்றுக்கொண்டு, சிங்கள மக்களின் வோட்டாலேயே வெல்ல முடியும் என்று தமக்கு முன்பே தெரியும் என்ற பொருள்படப் பேசினார். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த அழைப்பு, பந்தி முடிந்த பிறகு வந்து இலையைப் பார்க்கச் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததே. வரியைக் குறைத்தார்கள், கஜானா வற்றியது. 2021-ல் ஒரே நாளில் ரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தினார்கள். அமராவதிப் பாசனத்தில் நெல் நடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடி விழுந்தது யார்மீது? அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அவருக்கே வோட்டுப் போட்ட சிங்கள விவசாயிகள்மீது. தூபியின் முன் கைதட்டிய அதே கூட்டம் காஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றது. 2022 ஜூலை 9-ஆம் தேதி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் மாலத்தீவுக்குப் பறந்து, சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். தன் கூட்டத்தை மட்டும் நம்பியவருக்கு, அது கைவிட்ட அன்று பரிந்து பேச வேறு ஆளில்லை.

2024 செப்டம்பர் 21-ஆம் தேதி தேர்தலில்தான் ஜெயவர்த்தனாவின் இரண்டாவது எண்ணிக்கை வேலைக்கு வந்தது. முதலில் வந்த அநுர குமார திஸாநாயக்கவின் கட்சி ஜே.வி.பி. 1971-லும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் தூக்கி, ரத்தம் சிந்தி, ரத்தம் சிந்த வைத்த கட்சி. மலைநாட்டுத் தமிழர்களை இந்திய விஸ்தரிப்பின் கருவி என்று ஒரு காலத்தில் பாடம் நடத்திய கட்சி. 2019-ல் அவருக்குக் கிடைத்தது 3.16 சதவீதம். ஐந்து வருஷத்தில் 42.31! இரண்டாவது எண்ணிக்கைக்கு மிஞ்சிய சீட்டுகள் ஏறக்குறைய 33 லட்சம். அவற்றில் அநுரவுக்கு 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867; மற்றச் சீட்டுகளில் இந்த இருவருக்கும் அடுத்த விருப்பம் குறிக்கப்படவே இல்லை! மூன்று பேர் வரையில் குறிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், ஜனங்கள் ஒருவருக்குப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்கள். அப்படியும் மொத்தச் சீட்டில் பாதியைத் தொடாமலே அநுர ஜனாதிபதியானார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு நாலாவது இடம், 27,086 வோட்டு. பழைய பயம் இன்னும் போகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நவம்பர் 14-ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதே யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 80,000-க்கு மேல் வோட்டு வாங்கி, ஆறு ஸ்தானங்களில் மூன்றைப் பிடித்தது. தேசம் முழுவதிலும் 225-க்கு 159. நுவரெலியாவும் அவர்களுக்கே. மட்டக்களப்பு மாவட்டம் ஒன்றுதான் தமிழரசுக் கட்சியோடு நின்றது.