கண்டிப் பகுதியில் பயிர், கால்நடைப் பீடைகள்

கண்டி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களும் வீட்டுக் காணிகளும் பூச்சி, பூஞ்சணம், காட்டுவிலங்கு ஆகிய மூன்றுக்கும் ஈடுகொடுத்தே நிலைத்திருக்கின்றன.

இவற்றுள் முதற்பெரும் அழிவைச் செய்தது கோப்பி இலைத்துரு. 1869இல் இலங்கையில் அடையாளங் காணப்பட்ட இப்பூஞ்சணத்தை ஆராய 1880இல் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்தார். இடைவெளியின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டதே நோய் காற்றில் விரைந்து பரவக் காரணம் என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. அதுவும் மலைமலையாகவே நடப்பட்டது.

தேயிலையின் கொடிய பகை, தண்டைத் துளைக்கும் சிறு வண்டு. இரண்டு மில்லிமீற்றர் அளவேயான பெண்வண்டு கிளைக்குள் சுரங்கம் குடைந்து, அதில் பூஞ்சணத்தை வளர்த்துக் குஞ்சுப் புழுக்களுக்கு உணவாக்குகிறது. குடைந்த கிளை, கொழுந்தெடுப்பவர் வளைத்ததும் முறிகிறது. கண்டியைப் போன்ற நடுத்தர உயரப் பகுதிகளில், கவ்வாத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் இதன் தாக்கம் மிகுதி.

1950களில் இவ்வண்டை ஒழிக்க டீல்டிரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது, ஆனால் இலைசுருட்டிப் புழு பெருகியது. அப்புழுவின் உடலில் வளர்ந்து அதைக் கொல்லும் மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவி 1930களில் ஜாவாவிலிருந்து தருவிக்கப்பட்டிருந்தது. மருந்து அந்தக் காவலனையும் சேர்த்தே கொன்றது. மலையகத்தின் பீடை வரலாற்றில் இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

கால்நடைகளில் உண்ணியும் அது பரப்பும் இரத்தநோய்களும் கறவை மாட்டின் பாலைக் குறைக்கின்றன. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையின் பன்றிப் பண்ணைகளைத் தாக்கியது.

சிறு காணிக்காரரை இன்று அதிகம் வாட்டுவது குரங்கு, மர அணில், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி ஆகியவையே. தேங்காய் குரும்பையிலேயே உதிர்கிறது, மரவள்ளி ஓரிரவில் கிளறப்படுகிறது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடங்களுக்கு நாடெங்கும் குரங்கு, மயில், மர அணில் கணக்கெடுக்கப்பட்டன. அவ்வளவு குறுகிய கணக்கை வைத்துக் காணிக்காரரின் இழப்பை அளவிட முடியாது.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியும் பழைய டீல்டிரினைப் போலத்தான். பன்றியையும் முள்ளம்பன்றியையும் இரையாக்கும் சிறுத்தை அதில் சிக்குகிறது. 2020 மே மாதம், அயல் மாவட்டமான நுவரெலியாவின் நல்லதண்ணியில், ஓர் அரிய கருஞ்சிறுத்தை அவ்வாறு சிக்கி, மீட்கப்பட்ட சில நாட்களில் இறந்தது.