விறகுக் கட்டைக்கு அடியில் மண்புழு வருவது எப்படி?

கேமரன் மலைத் தோட்டக் குடியிருப்புகளில், வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்த பழைய கட்டையைப் புரட்டினால் அடியில் சிவப்புப் புழுக்கள் கொத்தாக நெளிவதுண்டு. உளுத்த மரத்திலேயே இவை பிறக்கின்றன என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவைதான்.

உரம் தயாரிக்கும் மண்புழுக்கள் மண்ணை ஆழமாகத் துளைப்பதில்லை. மட்கும் இலை, சாணம், பட்டை ஆகியவற்றுக்கு இடையே மேல்மட்டத்திலேயே வாழ்கின்றன. இவற்றுள் ஐசீனியா ஃபெட்டிடா ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவியது. நீல மினுமினுப்புள்ள பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆசிய வெப்ப நாடுகளுக்கு உரியது.

மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் இறந்துவிடும். அதனால் மழை பெய்யும் இரவுகளில்தான் ஊர்ந்து இடம் மாறும். அப்படிச் செல்லும் தூரம் குறைவு. தொலைவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் நாம்தான். எலுமிச்சை வடிவிலான அதன் முட்டைக்கூடு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பூச்சட்டி மண், நாற்று, எரு மூட்டை, காலணிச் சேறு, லாரி டயர் எதிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஐசீனியாவின் ஒரு கூட்டிலிருந்து பெரும்பாலும் 2 முதல் 4 குஞ்சுகள் வெளிவரும்.

கட்டையின் அடியில் ஈரம், இருட்டு, குளிர்ச்சி மூன்றும் உண்டு. மட்கும் பட்டையும் அதில் வளரும் பூஞ்சையும் தீனியாகின்றன. கரையானைப்போல நல்ல மரத்தை இவை அரிப்பதில்லை. எனவே மருந்து அடிக்கத் தேவையில்லை.

புழுவை வாங்கித் தேயிலை வரிசையில் விடலாமா? மட்கு இல்லாத வெறும் மண்ணில் உரப்புழு நிலைக்காது. போட்ட பணம் வீணாகும். தமிழ்நாட்டின் வால்பாறையில், பாரி அக்ரோ நிறுவனத்தின் ஷேக்கல்முடி தோட்டத்தில் 1990களில் ஒரு சோதனை நடந்தது. தேயிலை வரிசைகளுக்கு இடையே பள்ளம் வெட்டி, கவ்வாத்துக் கழிவும் பிற மட்கும் பொருள்களும் இட்டு, மண்ணுக்குள் வாழும் வகைப் புழுக்களை விட்டார்கள். கொழுந்து விளைச்சல் கூடியது. அங்கே புழுவோடு தீனியும் சேர்த்தே இடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் உரம் போட நினைப்பவர்கள் காசு கொடுக்கும் முன் கட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி புழுவை அது இருந்த மட்கோடு அள்ளி, காய்கறிக் கழிவுத் தொட்டியில் இட்டால் போதும். வெளியில் வாங்கிய புழுவை மட்டும் பிரிஞ்சாங் மலைக்காட்டுப் பக்கம் கொட்டாதீர்கள். அயல் புழு பரவினால் காட்டு மண்ணின் இயல்பு மாறக்கூடும்.