நாலா, ஆறா? முதல் வாய்ச் சோற்றின் கதை

உத்திரமேரூர்னாலே எல்லாருக்கும் குடவோலை தான் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல, முதலாம் பராந்தகன் காலத்துக் (கி.பி. 919, 921) கல்வெட்டுல, வாரியத்துக்கு வர்றவருக்கு 35 வயசுக்கு மேல, 70க்குக் கீழ இருக்கணும்னு கணக்கா வெட்டி வச்சிருக்காங்க. பிள்ளைக்கு எத்தனாவது மாசம் சோறு ஊட்டணும்ங்கிறது அதுல கிடையாது :-) அது பாட்டிமார் இலாகா!

மனுஸ்மிருதி அன்னப்பிராசனத்துக்கு ஆறாம் மாசம்னு சொல்லுது. ஆனா சாஸ்திரம் ஒரு பக்கம், வீட்டு நிலைமை ஒரு பக்கம். ஏரிப்பாசன ஊர்ல நடவு வந்துட்டா பெத்தவ வயலுக்குப் போயாகணும். அப்புறம் பாட்டி கையில கஞ்சித்தண்ணி தான். அது வயித்தை நிறைக்கும், பலம் தராது.

அடுத்து வந்தது டப்பா. ஃபாரெக்ஸ், செரலாக், கூடவே கொழுகொழு குழந்தை படம். பால்மாவு விற்பனைக்கு எதிரா 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு ஆரம்பிச்சது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 1992 சட்டம் பால்மாவு, பால்புட்டி விளம்பரத்தைத் தடை செஞ்சது.

இங்க தான் சுவாரசியம். அந்தச் சட்டம் இணை உணவை "நாலு மாசத்துக்கு மேல்"னு தான் சொல்லிச்சு. 2001ல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு சொன்னது. 2003 திருத்தத்துல நம்ம சட்டத்திலும் நாலு ஆறாச்சு. குழந்தை உணவு விளம்பரமும் தடைக்குள்ள வந்தது. அதனால, "நாலு மாசத்துலயே குடுத்துட்டீங்களே அத்தை"ன்னு மாமியாரைக் குத்திக்காட்டாதீங்க. அவங்க கேட்டது அன்னிக்கு டாக்டர் சொன்னதை!

தள்ளிப்போடுறதும் தப்பு தான். பிறக்கும்போது சேத்து வச்ச இரும்புச்சத்து ஆறு மாசம் வாக்குல தீர ஆரம்பிச்சுடும், தாய்ப்பால்ல அது ரொம்பக் கம்மி. உலக வங்கி உதவியோட 1980ல் தொடங்கின தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் குறிவச்சதும் இந்த 6 முதல் 36 மாச வயசைத் தான். மாசாமாசம் எடை பாத்து, ஏறாத பிள்ளைக்கு சத்துருண்டை குடுத்தாங்க.

2017ல் பேறுகால விடுப்பு 12 வாரத்துல இருந்து 26 வாரமாச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா ஆறு மாசம். ஆனா அது ஆபீஸ், ஆலைக்கு. நடவு நடுற அம்மாவுக்கு யார் லீவு குடுக்கிறது? கூலி இழப்பை ஈடுகட்டத் தான் 1987ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல உதவித்தொகை வந்தது. முதல் வாய் எப்போன்னு தீர்மானிக்கிறதுல அறிவுரையை விட அந்தப் பணத்துக்குப் பங்கு அதிகம்ங்கிறது என் கட்சி.

உங்க வீட்டுல முதல் வாய் என்ன? பருப்புசாதமா, கேவுரு கஞ்சியா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே!