வீணாகாத உழைப்பு: 1 கொரிந்தியர் 15இன் முடிவும் ஈஸ்டர் அறிக்கையின் அன்றாட இடமும்

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வேளைகளில் கேட்கிறார்கள்: ஈஸ்டர் ஆராதனையிலும் அடக்க ஆராதனையிலும். எந்த வேளையானாலும் வாசிப்பு 58ஆம் வசனத்தைத் தாண்டுவதில்லை. மரணத்தின் கூர் ஒடிந்துவிட்டது, ஆகையால் கர்த்தருடைய வேலையில் அசையாமல் நில்லுங்கள், உங்கள் பாடு வீண்போகாது என்பது அந்த வசனத்தின் பொருள். அடுத்த வரி காணிக்கை பற்றியது. எருசலேமிலுள்ள விசுவாசிகளுக்காக, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி ஒரு தொகையை எடுத்துவைக்கச் சொல்கிறார் பவுல்.

எக்காளம் முழங்கி மரித்தோர் எழும் காட்சியிலிருந்து வாராந்தரப் பணச் சேகரிப்புக்கு ஒரே மூச்சில் இறங்குவது நமக்கு இடறலாக இருக்கிறது. பவுலுக்கு அப்படி இல்லை. இரண்டுக்கும் நடுவே நாம் காணும் அதிகார எண் 13ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு அந்தப் பிரிப்பை இணைப்பது வழக்கம். கொரிந்தில் இந்த நிருபம் உரக்க வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களுக்கு நடுவில் இடைவெளி ஏதும் இருந்திருக்காது. இந்தத் தொடர்ச்சி தற்செயலானதல்ல என்பதே என் வாதம். இன்றைய உடலும் இன்றைய உழைப்பும் கடவுளிடத்தில் தொலைந்துபோவதில்லை என்று காட்டவே பவுல் உயிர்த்தெழுதலை இவ்வளவு நீளமாக வாதிட்டு நிறுவுகிறார். ஈஸ்டரை அன்றாட வாழ்வோடு இணைக்க வேண்டுமே என்று நாம் புதிதாகப் பாடுபட வேண்டியதில்லை. அந்த இணைப்பு மூலத்திலேயே இருக்கிறது. நம் வாசிப்பு முறைதான் அதை அறுத்திருக்கிறது.

கொரிந்தின் பின்னணியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கி.மு. 146இல் ரோமப் படை தரைமட்டமாக்கிய பழைய நகரத்தின் மேல், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் நிறுவிய குடியேற்றம் அது. அங்கே குடியேற்றப்பட்டவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் ஏராளம். பணமும் பட்டமும் தேடி மேலேறத் துடிக்கும் துறைமுக நகரம். அங்கே பவுல் ஒன்றரை ஆண்டு தங்கி, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு கூடாரத் தொழில் செய்தார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். கையால் உழைத்துப் பாடுபடுவதை நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் அவரே குறிப்பிடுகிறார். கைத்தொழிலை இழிவாகக் கண்ட மேட்டுக்குடி மனப்பான்மை அந்தச் சபைக்குள்ளும் இருந்தது என்பதை அப்பகுதியின் வருத்தம் தோய்ந்த தொனியே காட்டிக்கொடுக்கிறது. ஏறத்தாழ 54 அல்லது 55இல், எபேசுவிலிருந்து இந்த நிருபம் போனது. 5ஆம் அதிகாரம் கிறிஸ்துவைப் பஸ்கா ஆட்டுக்குட்டியாகச் சொல்கிறது. 16ஆம் அதிகாரம் பெந்தெகொஸ்தே வரை எபேசுவில் தங்குவேன் என்கிறது. ஆகவே பஸ்காவை ஒட்டிய நாட்களில் இது எழுதப்பட்டிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியானால், நம் கையில் இருப்பது ஏறக்குறைய ஓர் ஈஸ்டர் நிருபம்.

மரித்தோருக்கு உயிர்த்தெழுதல் இல்லை என்று அங்கே சிலர் சொன்னார்கள். அவர்கள் நாத்திகர்களல்லர். கிறிஸ்துவை அறிக்கையிட்டார்கள், ஆவியின் வரங்களில் திளைத்தார்கள். உடல் எழும் என்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. ஆன்மா உயர்ந்தது, உடல் கழிந்துபோவது என்பது அந்நாளைய கல்விமான்கள் பலரின் பொதுக் கருத்து. 1950களில் ஆஸ்கர் குல்மன் ஆன்மாவின் அழியாமையையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினார். அவர் கோடு கிழித்த விதம் சற்று மிகையானது என்றாலும், கொரிந்தைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது.

உடல் எழாது என்றால் உடலால் செய்வதற்கும் உடலுக்குச் செய்வதற்கும் கணக்கில்லை. இந்த முடிவைக் கொரிந்தியர் நடைமுறையிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். உணவு வயிற்றுக்கு, வயிறு உணவுக்கு, இரண்டையும் கடவுள் ஒழிப்பார் என்ற பேச்சு 6ஆம் அதிகாரத்தில் எதிரொலிக்கிறது; அதைச் சொல்லித்தான் வேசிமார்க்கத்துக்கு நியாயம் தேடினார்கள் போலும். பவுலின் மறுமொழி, கர்த்தரை எழுப்பின கடவுள் நம்மையும் எழுப்புவார் என்பது. அதாவது 15ஆம் அதிகாரத்தின் கோட்பாடு 6ஆம் அதிகாரத்திலேயே ஒரு நடத்தைச் சிக்கலுக்குத் தீர்ப்பாக வந்துவிடுகிறது.

11ஆம் அதிகாரத்துத் திருவிருந்துச் சண்டை இதைவிடத் தெளிவான சான்று. சிலர் முந்திக்கொண்டு தங்கள் உணவைத் தின்று குடித்து வெறித்திருக்க, சிலர் பசியோடு நின்றார்கள். வசதியுள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான பிளவாக இதைக் கெர்ட் தைசன் விளக்கியது இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. நேரத்தைத் தன் விருப்பப்படி ஆள முடிந்தவன் முதலில் வந்து சாய்ந்திருப்பான். எஜமான் விட்ட பிறகே வர முடிகிற அடிமை கடைசியில் வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்திருப்பான். பக்கத்திலிருப்பவன் பசி பொருட்டல்ல என்று எண்ணுகிறவனுக்கு, அந்தப் பசித்த உடலைக் கடவுள் எழுப்புவார் என்பதும் பொருட்டல்ல. கொரிந்தில் உயிர்த்தெழுதல் மறுப்பு முதலில் பந்தியில் நடந்தது, பிறகுதான் வாதமாக வந்தது என்று நான் கருதுகிறேன். பவுல் காணிக்கையைப் பற்றி எழுதியதும் அந்தப் பந்தியில் உண்டவர்களுக்கே. அவர்கள் கொடுத்தார்களா என்றால், ரோமர் 15:26 விடை தருகிறது: மக்கெதோனியாவும் கொரிந்தைத் தலைநகராகக் கொண்ட அகாயாவும் மனமுவந்து உதவின.

இந்த வாசிப்புக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காது என்று 15:50இல் பவுலே சொல்கிறார். அப்படியானால் உடலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது சரியா? மூன்று வசனம் தாண்டினால் விடை கிடைக்கிறது. இந்த அழிவுள்ள உடலே அழியாமையைத் தரித்துக்கொள்ளும் என்கிறார். மாற்றம் உண்டு, கைவிடல் இல்லை. நற்செய்தி நூல்களும் இதையே காட்சியாக்குகின்றன. யோவானில் எழுந்தவரின் கைகளில் காயம் இருக்கிறது; லூக்காவில் அவர் பொரித்த மீன் உண்கிறார்; திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்குக் காலை உணவு ஆக்கிவைக்கிறார். சாவை வென்றவர் மீனவர்களுக்குச் சமைத்துப் போட்டார் என்பதை ஒரு நற்செய்தியாளர் தம் நூலின் கடைசிப் பகுதியில் வைத்திருப்பதை நாம் போதிய அளவு வியக்கவில்லை.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. ஈஸ்டரை அன்றாடத்தோடு இப்படி நெருக்கிப் பேசினால் அது வெறும் நன்னடத்தைப் போதனையாகச் சுருங்கிவிடாதா? ருடால்ஃப் புல்ட்மனின் 1941ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதைத் தொடர்ந்த சிந்தனையும், உயிர்த்தெழுதலைச் சீடர்களின் உள்ளத்தில் விசுவாசம் எழுந்த நிகழ்வாகக் கண்டன. அந்தப் பாதையில் பவுல் வரமாட்டார். கிறிஸ்து எழவில்லையென்றால் விசுவாசம் வீண், நாம் பாவங்களிலேயே இருக்கிறோம், இம்மைக்காக மட்டும் நம்பினால் எல்லாரிலும் பரிதாபத்துக்குரியவர்கள் என்று அவர் எழுதியதில் வழவழப்பு ஏதும் இல்லை. மரித்தோர் எழாவிட்டால் உண்போம், குடிப்போம் என்கிறவர்களே புத்திசாலிகள் என்றும் ஒப்புக்கொள்கிறார். காலமெல்லாம் உழைத்துப் பலனைக் காணாமலே செத்துப்போன ஓர் அடிமைக்கு, உன் உள்ளத்தில் நம்பிக்கை எழுந்ததே போதும் என்று சொல்வது ஆறுதலல்ல. அவன் பாடு வீண்போகாது என்று சொல்ல வேண்டுமானால், அவனையே எழுப்பக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். நிகழ்வு முந்தியது, நடத்தை அதன் விளைவு. இந்த வரிசை மாறினால் என் வாதமும் விழும்.

ஆதிச் சபையின் நாட்காட்டி இதற்குத் துணை நிற்கிறது. ஏறத்தாழ 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைந்து, பிறகு சாதாரண உணவுக்காக மீண்டும் கூடினார்கள் என்கிறார். விவரம் அறிய அவர் சித்திரவதை செய்தது, சபையில் ஊழியம் செய்த இரு அடிமைப் பெண்களை. ஏறத்தாழ 155இல் ஜஸ்டின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கும்போது, திருவிருந்தை அடுத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்கான நிதியைச் சொல்கிறார். ஞாயிறு ஓய்வு நாளானது 321இல், கான்ஸ்டன்டைன் ஆணையால். அதிலும் உழவர்களுக்கு ஓய்வு கட்டாயமில்லை. ஆக, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் உயிர்த்தெழுந்த நாள் ஒரு வேலை நாள். ஆராதனை முடிந்ததும் பட்டறைக்கும் எஜமான் வீட்டு அடுக்களைக்கும் போனார்கள்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் டயோனீசியஸ் 260களின் தொடக்கத்தில் எழுதிய ஈஸ்டர் நிருபத்தின் பகுதிகளை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றின் ஏழாம் நூலில் காத்துவைத்திருக்கிறார். கொள்ளைநோய் நகரத்தை அரித்த காலம். எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மடிந்த இரவைப்போல், சாவில்லாத வீடில்லை. அந்த நிலையில் பண்டிகை நிருபம் எழுதும் ஆயர் எதைச் சொல்கிறார்? விசுவாசிகள் நோயாளிகளின் அருகில் இருந்து பணிவிடை செய்ததையும், நோய் தொற்றித் தாங்களே மாண்டதையும். இறந்தவரின் கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டி, துணி சுற்றி அடக்கம் செய்தார்கள். சில நாட்களில் அதே பணிவிடை அவர்களுக்கும் நடந்தது. மற்றவர்கள் நோயாளிகளைத் தெருவில் தள்ளினார்கள் என்று அவர் சேர்ப்பதில் ஒரு தரப்பின் மிகை இருக்கலாம். தம் சபையைப் புகழும் ஆயரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எதைப் புகழத் தகுந்ததாக அவர் கருதினார் என்பதில் ஐயமில்லை. எழும் என்று நம்பிய உடலைத் தொட அவர்கள் கூசவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், பேரரசன் ஜூலியன் பெயரில் வழங்கும் கடிதம் கிறிஸ்தவம் பரவியதன் காரணங்களில் ஒன்றாக இறந்தோரின் கல்லறைகள்மேல் அவர்கள் காட்டிய அக்கறையைச் சொல்கிறது. அது எதிராளியின் வாக்குமூலம்.

தமிழ்த் திருச்சபைக்கு வருவோம். லெந்து நாட்களை நாம் உடலால் அனுசரிக்கிறோம். இறைச்சியை விடுகிறோம், வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கிறது, புனித வெள்ளி மும்மணி ஆராதனையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நாற்பது நாள் தவத்துக்குப் பின் ஈஸ்டரோ ஓர் அதிகாலைப் பாட்டோடும் மதியப் பிரியாணியோடும் முடிந்துவிடுகிறது. 325இல் நிசேயா சங்கம் தன் இருபதாம் விதியில், ஞாயிறுகளிலும் பெந்தெகொஸ்தே வரையிலான நாட்களிலும் முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்கும்படி பணித்தது. ஐம்பது நாளும் எழுந்து நிற்கிற மக்கள் என்பது அதன் கருத்து. அந்த ஐம்பது நாளில் செய்வதற்கு நமக்கு ஒன்றுமில்லாமல் போனது ஏன்?

பந்தியும் கல்லறையும்தான் நமக்கும் சோதனைக் களம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து உடனடியாக அகற்றக் கட்டளையிட்டார். திருவிருந்துக்கு வருவதில் முன்பின் பார்க்கும் வழக்கமும் அதில் அடங்கும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் விலகினார்கள். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரும் கட்டளையை எதிர்த்த தரப்பில் நின்றார். ஐரோப்பியர் தங்கள் அந்தஸ்தைக் காத்துக்கொண்டே நமக்கு உபதேசிக்கிறார்கள் என்ற கசப்பில் நியாயம் உண்டு. அந்தக் கவிஞரின் பக்தியும் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனாலும் அத்தரப்பின் வாதம், உணவும் இருக்கையும் உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாது என்பதே. வயிறும் உடலும் ஆவிக்குப் புறம்பு என்ற கொரிந்தியர் வாதம் இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. உடல் எழும் என்று அறிக்கையிடுகிறவர்கள் உடலுக்கு உடல் தீட்டு பார்ப்பதை வெறும் வழக்கம் என்று தள்ள முடியாது.

இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டமே சாதிப்படி பிரிந்து கிடக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் பொதுவெளியில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இவற்றைச் சமூகநீதிச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. சுவரின் இரு பக்கமும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிட்டுத்தான் குழியை மூடுகிறார்கள். அந்த அறிக்கையைச் சுவர் மறுக்கிறது. ஆகவே அது கோட்பாட்டுப் பிழை. ஆயர்களும் இறையியல் கல்லூரிகளும் அதை அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும்.

மாற்று வழக்கத்துக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவியச் சகோதரர்களின் தாய்ச் சபை, சாக்சனியின் ஹெர்ன்ஹூட்டில் உள்ளது. அங்கே 1732 முதல் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதிக்கிறார்கள். குடும்ப இடம் என்று யாருக்கும் ஒதுக்குவதில்லை. ஆண், பெண் பகுதிகளில் இறந்த வரிசைப்படி குழி. மேலே ஒரே மாதிரியான தட்டையான கல். சபைக்குப் புகலிடம் கொடுத்த ட்சின்ட்சென்டார்ஃப் பிரபுவின் குடும்பக் கல்லறைகள் மட்டும் உயர்ந்து நிற்கின்றன. அந்தஸ்து எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அதுவும் சாட்சி. இறந்த வரிசைப்படி அடக்கம் என்ற விதியைப் புதிதாகத் திறக்கும் கல்லறை நிலத்துக்கு ஒரு சபைக் குழு ஒரே கூட்டத்தில் நிறைவேற்றலாம். அதற்குப் புதிய இறையியல் வேண்டியதில்லை, நீதிமன்ற ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய சுவர்களை இடிப்பதற்கு இதைவிட அதிகத் துணிவு வேண்டும். அந்த விவாதத்தை ஈஸ்டருக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இடைப்பட்ட ஐம்பது நாட்களில், 1 கொரிந்தியர் 15ஐயும் 16ஐயும் நிறுத்தாமல் சேர்த்து வாசித்த பின் சபைகள் தொடங்க வேண்டும் என்பது என் முன்மொழிவு.