நீதிமன்றத் துணை நாய்

குற்ற வழக்குகளில் சாட்சி சொல்லும் குழந்தைகளும் அறிவுத்திறன் குறைபாடுடைய பெரியவர்களும் பதற்றம் தணிந்து பேசுவதற்காக உடனிருக்கப் பயிற்றுவிக்கப்பட்ட நாய். ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப்பின் அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலோ காவல்துறையிலோ குழந்தைகளுக்கான விசாரணை மையத்திலோ வேலைக்குச் சேரும். அதைக் கையாள்பவரும் அங்குள்ள ஊழியரே. மருத்துவமனைகளுக்குத் தன்னார்வலர் அழைத்துச் செல்லும் சிகிச்சை நாயிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்: குழந்தை சொல்வதைக் கேட்க நேரும் தன்னார்வலர் பின்னாளில் தாமே சாட்சியாக அழைக்கப்படலாம். இந்த நாயின் வரலாற்றை அதன் ஆறுதல் தரும் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்ட கதையாகச் சொல்வது வழக்கம். தீர்ப்புகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. குழந்தையின் கையில் பொம்மையையும் அருகில் ஆதரவாளரையும் ஏற்கெனவே அனுமதித்திருந்த சட்டம், அதே வழியில் நாயையும் உள்ளே விட்டது. கண்ணில் படாமல் கிடக்க அதனால் முடிந்ததே அங்கு அது நிலைபெறக் காரணமாயிற்று.

குழந்தைகளுக்கான உளச்சிகிச்சையில் நாயைத் துணைகொள்வது பற்றி அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1960களிலேயே எழுதினார். நீதிமன்றச் சூழலில் முதல் நாய் எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 1980களின் இறுதியில் நியூயார்க்கின் குவீன்ஸ் வழக்குரைஞர் அலுவலகத்தில் ஷீபா என்ற ஜெர்மன் ஷெப்பர்டு இருந்ததாகச் சிலர் குறிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் தொடங்குவது 2003இல் சியாட்டிலிலிருந்து. அங்குள்ள கிங் கவுன்டியின் அரசு வழக்குரைஞர் எலன் ஓ'நீல்-ஸ்டீவன்ஸ், மாற்றுத்திறனாளியான தம் மகனுக்கு உதவிவந்த ஜீட்டர் என்ற நாயைச் சிறார் போதைப்பொருள் நீதிமன்றத்துக்கு அழைத்துவந்தார். பிள்ளைகள் அதனிடம் இளகியதைக் கண்டு, வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல அஞ்சிய சிறுமியருக்கும் அதைத் துணையாக்கினர். 2004இல் எல்லி என்ற நாய் அந்த அலுவலகத்தில் முழுநேரப் பணிக்கு வந்தது. பின்னர் ஓ'நீல்-ஸ்டீவன்ஸும் கால்நடை மருத்துவர் செலஸ்ட் வால்சனும் இம்முறையைப் பரப்ப ஓர் அமைப்பை நிறுவினர்.

ஆவணங்கள் மிகுந்திருப்பது 2011 முதல் 2016 வரையிலான காலத்துக்கே. அதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய இரு தீர்ப்புகள் தேவை. 1988இல் கோய் வழக்கில், சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே திரை வைத்தது நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமையைப் பறிப்பதாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 1990இல் கிரெய்க் வழக்கில், அந்தந்தக் குழந்தையின் தேவை தனித்தனியே நிறுவப்பட்டால் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி வழியே சாட்சியம் பெறலாம் என்றது. நாய் வந்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. குழந்தை அதே அறையில், சாட்சிக் கூண்டில், எதிராளியின் பார்வைக்குள்ளேயே அமர்கிறது. குறுக்கு விசாரணையும் முழுமையாக நடக்கிறது. எனவே எதிர்த்தரப்பின் வாதம் ஜூரியின் மனத்தைப் பற்றியதாக மாறியது. நியூயார்க் மாநிலத்தின் போகிப்சியில் 2011இல் நடந்த தோஹம் வழக்கில் பதினைந்து வயதுச் சிறுமியுடன் ரோஸி என்ற கோல்டன் ரெட்ரீவர் இருந்தது. பொய் சொல்வதால் வரும் பதற்றமானாலும் உண்மையைச் சொல்வதால் வரும் பதற்றமானாலும் நாய் ஒன்றுபோலத்தான் தேற்றும், ஜூரியோ அதை உண்மையின் அடையாளமாகக் கொள்வார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கூர்மையான வாதம்தான். ஆயினும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கரடி பொம்மையை அனுமதித்த பழைய தீர்ப்பின் வழியிலேயே சென்று ரோஸியை ஏற்றது. அதே ஆண்டு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் டை வழக்கில், அறிவுத்திறன் குறைபாடுடைய ஒருவருடன் எல்லி இருந்ததை ஏற்றது. அவர் எல்லிக்குத் தின்பண்டம் ஊட்டினார் என்பதும் எதிர்த்தரப்பின் முறையீடுகளில் ஒன்று. கனெக்டிகட்டில் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நாய் இன்றியமையாதது என நிறுவப்படவில்லை என்று தண்டனையை ரத்து செய்தது. 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், சாட்சி முழுமையாகப் பேச நாய் உதவுமா என்பதை எதிராளியின் உரிமைகளோடு சீர்தூக்கினாலே போதும் என்று தண்டனையை மீட்டது.

பொம்மையோடு ஒப்பிடுவது எதிர்த்தரப்பின் கவலையை முழுதும் தீர்ப்பதில்லை. பொம்மை யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது நடைமுறை. ஜூரி வருமுன்பே நாயைச் சாட்சிக் கூண்டுக்குள் கொண்டுவந்து, சாட்சியின் காலடியில் படுக்க வைத்துவிடுகிறார்கள். விசாரணை எவ்வளவு நீண்டாலும் அது எழக் கூடாது, குரைக்கக் கூடாது. ஜூரி வெளியேறிய பிறகே அதற்கும் விடுதலை. நாய் இருப்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம் என்று நீதிபதி ஜூரிக்குச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொல்வதே கவனத்தை நாயின்பக்கம் திருப்பிவிடும் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. மாதிரி ஜூரிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சில, நாய் இருப்பது தீர்ப்பைச் சாய்த்ததாகக் காட்டவில்லை. கற்பனை வழக்கில் கிடைத்த முடிவு உண்மை வழக்குக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. குழந்தைகளின் உடலில் மன அழுத்தக் குறிகள் குறைந்ததைக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அவை பெரும்பாலும் சிறிய குழுக்களை வைத்து, சாட்சிக் கூண்டுக்கு வெளியே, விசாரணை அறைகளில் நடத்தப்பட்டவை. பொம்மையும் ஆதரவாளரும் வந்த வழியே வந்ததால் அந்த வழியின் எல்லையும் நாய்க்கு உண்டு. குழந்தைகளுக்கும் குறைபாடுடையோருக்கும் உள்ள சலுகையை குறைபாடற்ற பெரியவருக்கு நீட்டியபோது, 2018இல் ஷார்ட்டர் வழக்கில் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

2015இல் ஆர்கன்சாஸ் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அமெரிக்காவுக்கு வெளியே, கனடாவில் 2010இல் டெல்டா காவல்துறையில் கேபர் என்ற நாயும், பிரான்சின் காஓர் நகரில் 2019இல் லோல் என்ற கருப்பு லாப்ரடாரும் பணிக்கு வந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் 2017இல் கூப் என்ற நாய் சேர்ந்தது. அங்கே குழந்தைகள் பெரும்பாலும் வேறோர் அறையிலிருந்து காணொளி வழியே சாட்சி சொல்வதால், ஜூரியின் கண்ணில் நாய் படுமா என்ற கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை.