லே கொலெத் பண்ணை (ஓவியம்)

லே கொலெத் பண்ணை, கான்ய் என்பது பிரான்சிய ஓவியர் பியேர் ஒகுஸ்ட் ரெனுவார் (1841–1919) வரைந்த நிலத்தோற்ற நெய்வண்ண ஓவியம் ஆகும். இது 1908 ஆம் ஆண்டுக்கும் 1914 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. பிரான்சின் தென்கிழக்கே, நடுநிலக் கடலோரம் அமைந்த கான்ய்-சூர்-மேர் என்னும் ஊரில் ரெனுவாருக்குச் சொந்தமாக இருந்த ஆலிவ் தோப்பும், அதனுள் இருந்த பழைய பண்ணைவீடும் இதன் கருப்பொருள். சுமார் 55 செ.மீ உயரமும் 65 செ.மீ அகலமும் கொண்ட இவ்வோவியம், 1961 இல் உயில்வழிக் கொடையாக நியூ யார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை வந்தடைந்தது.

பின்னணி

லே கொலெத் என்பது தோப்பின் பெயர். நூற்றாண்டுகள் பழமையான ஆலிவ் மரங்கள் அங்கு நின்றன. அவை வெட்டப்பட இருந்ததை அறிந்த ரெனுவார், அவற்றைக் காக்கும் பொருட்டு 1907 இல் அந்நிலத்தை விலைக்கு வாங்கினார். ஓர் ஓவியர் தாம் வரையவிருந்த காட்சியையே விலை கொடுத்து மீட்டது கலை வரலாற்றில் அரிதான செய்தி. குடும்பம் வசிப்பதற்காக அதே நிலத்தில் புதிய வீடு ஒன்று கட்டப்பட்டு 1908 இல் முடிந்தது. ஆயினும் ரெனுவார் விரும்பி வரைந்தது பழைய பண்ணைவீட்டையே.

ஆலிவ் மரமும் நிறமும்

உணர்வுப்பதிவுவாத ஓவியர்களுக்கு ஆலிவ் மரம் எளிதான பொருள் அன்று. அதன் இலையின் மேற்புறம் சாம்பல் கலந்த பச்சை. அடிப்புறம் நுண்ணிய செதில்களால் வெள்ளி போல் மின்னும். காற்று வீசினால் இலைகள் புரண்டு மரத்தின் நிறமே மாறிவிடும். கணப்பொழுதின் ஒளியைப் பிடிக்க முனைபவருக்கு இது ஒரே நேரத்தில் விருந்தும் சோதனையும் ஆகும். 1883 டிசம்பரில் ரெனுவாருடன் இக்கடற்கரைக்கு வந்த குளோட் மொனே, 1884 இன் தொடக்கத்தில் தனியே திரும்பி, இத்தாலியின் போர்திகேராவில் ஆலிவ் தோப்புகளை வரைந்தார்.

ரெனுவார் இவ்வோவியத்தில் இலைகளைத் தனித்தனியே வரையவில்லை. மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, மரமும் நிழலும் புல்லும் ஒன்றோடொன்று கரையும்படி செய்துள்ளார். அச்சுப்படிகளில் இது வெறும் மங்கலாகத் தோன்றுவதுண்டு. தெற்கின் வெயிலைக் காட்ட, குளிர்ந்த பச்சையைக் காட்டிலும் இளஞ்சிவப்பும் பொன்னிறமும் சேர்ந்த வெம்மையான நிறங்களையே அவர் மிகுதியாக நம்பினார்.

ஓவியரின் உடல்நிலை

ரெனுவாரை இக்காலத்தில் முடக்குவாதம் கடுமையாக வாட்டியது. விரல்கள் மடங்கி இறுகிப் போயின; 1912 முதல் சக்கர நாற்காலியே துணையாயிற்று. தூரிகையை அவர் கையில் கட்டிவிட்டனர் எனப் பரவலாகக் கூறப்படுவது சரியன்று. உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கவே துணி சுற்றப்பட்டது. தூரிகையை உடனிருப்போர் விரலிடுக்கில் வைத்தனர், பிடித்து வரைந்தவர் அவரே. வெளிப்புற ஒளியில் வரைய வசதியாகத் தோட்டத்தில் கண்ணாடிச் சுவர்களுடைய பணிக்கூடம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

பிற்காலம்

ரெனுவார் 1919 டிசம்பர் 3 அன்று கான்ய்-சூர்-மேரில் காலமானார். லே கொலெத் 1960 இல் ரெனுவார் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பண்ணைவீடும் ஆலிவ் தோப்பும் அதன் வளாகத்திலேயே உள்ளன.