எண்டோமெட்ரியோசிஸ் நோயறிதல்: தஞ்சை டெல்டா

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் வளரும் நோய். மாதவிலக்குச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு அந்தத் திசுவும் உட்படுவதால் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டிக்கு 'சாக்லேட் சிஸ்ட்' என்று பெயர். கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அறிகுறி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோய் தெரியவருவது எங்கும் உள்ள நிலை. டெல்டாவில் அதற்கு வேறு காரணங்களும் சேர்கின்றன. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு ஆகியவை இங்கே பெரும்பாலும் பெண்களின் வேலைகள். சேற்றில் நாளெல்லாம் குனிந்து பின்னோக்கி நகர்ந்தபடி நடுபவருக்கு இடுப்பு வலித்தால், நடவு வலி என்று சொல்லிவிடுவார்கள். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வேலையால் வரும் வலி ஓய்வில் தணியும். எண்டோமெட்ரியோசிஸ் வலியோ நடவு இல்லாத மாதங்களிலும் தேதி தவறாமல் வரும். நாளடைவில் மற்ற நாட்களுக்கும் பரவக்கூடும். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வீட்டில் உடம்புச் சூடு என்று வெந்தயம் கொடுப்பார்கள். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பதும், பிறகு 'ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்' என்பதும் வழக்கம். 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்வி எழுந்த பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு அழைத்துவரப்படுகிறார்கள். பிள்ளை பெற்றவளின் வலியை அப்படிக்கூட யாரும் கேட்பதில்லை. இது பெரும் அநியாயம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராசா மிராசுதார் மருத்துவமனையில் அரசு மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. எங்கே போனாலும், மாதவிலக்கு நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கையில் வலிக்கிறதா, உடலுறவில் வலியா என்பவை முக்கியமான விவரங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கையில் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. தனியாகப் பேச வேண்டும் என்று நோயாளி தயங்காமல் கேட்கலாம்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் சாக்லேட் சிஸ்டை நன்றாகக் காட்டும். மணமாகாதவர்களுக்குப் பொதுவாக வயிற்றின் மேல் ஸ்கேன் மட்டுமே செய்கிறார்கள். ஆழமான திட்டுகள் அதில் தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ. அப்போது உதவும். 'ஸ்கேன் நார்மல்' என்ற தாளால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் தீர்ப்புச் சொல்லாது. முன்பு வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபி அறுவை செய்தால்தான் நோய் உறுதி என்றிருந்தது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் கொண்டே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல். கூலிநாளை இழந்து அறுவைக்குப் படுக்க இயலாதவருக்கு இந்த மாற்றம் பெரிது.

சிசேரியன் தழும்பிலும் இத்திசு அரிதாக வளர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன் என்பதால், தழும்பருகே மாதந்தோறும் வலித்து வீங்கும் கட்டியைத் தையல் வலி என்று விடாமல் காட்ட வேண்டும். அந்த இடத்தில் தோலின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனும் ஊசித் திசுப் பரிசோதனையும் போதுமானவையாக இருப்பதுண்டு. கட்டியை முழுதாக அகற்றுவதே வழக்கமான சிகிச்சை.